நாடி கிடைக்காத கை

வலது கையை உயர்த்திக் கரும்பலகையில் நான்கைந்து வரி எழுதினால் போதும், கை என் பேச்சைக் கேட்காது. அதை வலி என்று சொல்ல முடியாது. தோளிலிருந்து ஈரத்துணியைத் தொங்கவிட்டதுபோலக் கனக்கும். விரல்கள் குளிர்ந்துபோகும். சாக்பீஸ் நழுவி விழும். கையைக் கீழே விட்டுச் சற்று நேரம் நின்றால் சரியாகிவிடும். பிள்ளைகளுக்கும் இது பழகிவிட்டிருந்தது. டீச்சர் கையை உதறினால் அதுவரை எழுதியதை நோட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. கல்யாணமான மறு வருடம் கொல்லிமலையில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கும் பள்ளி. கணவருக்கு நாமக்கல்லில் கோழித்தீவன ஆலையில் வேலை. சனிக்கிழமை அவர் மேலே வருவார், அல்லது நான் கீழே இறங்குவேன். காரவள்ளி தாண்டி பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றும், குமட்டும். மாலையானால் உடம்பு லேசாகக் காயும். எடை குறைந்துகொண்டே வந்தது. எல்லாவற்றுக்கும் மலைக்குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டவர்களும் அப்படியே சொன்னார்கள். சத்து மாத்திரை வாங்கி விழுங்கினேன்.

பள்ளிக்கு அருகில் ஓர் அக்கா வீட்டின் முன்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். ஐம்பதை நெருங்கிய பெண். கணவர் இல்லை. பின்னால் இருந்த சரிவில் குச்சிக்கிழங்கு என்று அங்கே சொல்லும் மரவள்ளி, அதற்கும் மேலே மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். மகள் ஒருத்தி இருந்து இறந்துபோனாள் என்று மட்டும் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் வந்த இரண்டாம் வருடம், கீழேயிருந்து மருத்துவக் கல்லூரி ஆட்கள் எங்கள் பள்ளியின் கூடத்தில் முகாம் போட்டார்கள். நோய்க்கு மருந்து கொடுக்கும் முகாம் அல்ல, ஆராய்ச்சி. அந்தக் குழுவை நடத்தியவர் என் வயதையொத்த ஒரு பெண் டாக்டர். ஜீப்பிலிருந்து பெட்டிகளை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். எதற்காக இது என்று தலைமை ஆசிரியர் கேட்டபோது சுருக்கமாகச் சொன்னார்.

"வயசாக ஆக ரத்தக்குழாய் விறைச்சுப்போகும் சார். விறைச்ச குழாயில நாடித்துடிப்போட அலை வேகமா ஓடும். மலையில ஏறி இறங்கறவங்களுக்கு அது எப்படி இருக்கு, கீழ உட்கார்ந்து வேலை பாக்கறவங்களுக்கு எப்படி இருக்குன்னு அளந்து பாக்கறோம்."

ஊர்ப்பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். ரத்தம் உறிஞ்சுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "நீங்க முதல்ல படுத்துக் காட்டுங்க டீச்சர், அப்பத்தான் அவங்க வருவாங்க" என்றார் தலைமை ஆசிரியர். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நான் படுத்தேன். இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் பட்டைகளைச் சுற்றினார்கள். நான்கும் ஒன்றாகக் காற்றேறி இறுகின, பிறகு மெல்லத் தளர்ந்தன. வாசலில் நின்ற வீட்டுக்கார அக்காவைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன்.

திரையில் மூன்று இடங்களில் எண் வந்தது. வலது கைக்கு ஒரு கோடு மட்டும் வந்தது.

"இந்தப் பட்டை மக்கர் பண்ணுது மேடம்" என்றார் உதவிக்கு வந்த நர்ஸ். இடது கைப் பட்டையைக் கழற்றி வலது கையில் கட்டினார். மறுபடியும் கோடு. என் வலது கையில் மக்கர் செய்த பட்டை இடது கையில் ஒழுங்காக எண் காட்டியது. டாக்டர் எழுந்து வந்து என் வலது மணிக்கட்டில் விரல்களை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். முழங்கை மடிப்பில் தேடினார். பிறகு இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறியது எனக்குத் தெரிந்தது.

"இந்தக் கையில எதாச்சும் தொந்தரவு உண்டா?"

"போர்டுல எழுதினா ஓஞ்சுபோகும். கீழ விட்டா சரியாயிடும்."

அவர் ஸ்டெதஸ்கோப்பை என் கழுத்தெலும்புக்குக் கீழே வைத்து வெகுநேரம் கேட்டார். "நானும் கேக்கலாமா?" என்றேன். ஒரு கணம் தயங்கிவிட்டு அதை என் காதில் மாட்டினார். துடிப்பு கேட்கும் என்று நினைத்தேன். குறுகலான சந்துக்குள் காற்று நுழைவதுபோல ஒரு சீறல்தான் கேட்டது. அது என் உடம்புக்குள்ளிருந்து வருகிறது என்பதை நம்ப முடியவில்லை.

"வலது கையில நாடி கிடைக்கலை. கீழ வாங்க, ஸ்கேன் எடுக்கணும். தள்ளிப்போடாதீங்க" என்றார். கூடம் அமைதியாக இருந்ததால் வாசல் வரை அது கேட்டது.

அன்று பெண்கள் யாரும் உள்ளே வந்து படுக்கவில்லை. மாலை வீடு திரும்பியபோது அக்கா கைகாலைக் கழுவிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "ஏனுங்க டீச்சர், நான் தொட்டுப் பாக்கட்டுங்களா?" என்றார். கையை நீட்டினேன். மண் ஏறிக் காய்த்த விரல்களால் அங்குமிங்கும் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. இழவு வீட்டில் கிடத்துவதுபோல என் கையை மெதுவாக மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஸ்கேனில் காரணம் தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயும், அதிலிருந்து கைகளுக்கும் கழுத்துக்கும் பிரியும் கிளைகளும் வீங்கியிருந்தன. உள்ளே கொழுப்பு அடைத்துக்கொண்டது அல்ல. குழாயின் சுவரே தடித்து வழியைச் சுருக்கிவிட்டது. வலது கைக்குப் போகும் குழாய் ஏறக்குறைய மூடியே போயிருந்தது. இளம்பெண்களுக்குத்தான் இது அதிகம் வருமாம். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே குழாய்ச் சுவரைத் தாக்குகின்றனவாம்.

"எனக்கு ஏன் வந்துச்சு?"

"தெரியல" என்றார் டாக்டர். "எங்களுக்கு மட்டுமில்ல, எங்கயுமே யாருக்கும் இன்னும் சரியாத் தெரியல. அதைத்தான் தேடிட்டிருக்கோம். உங்க ரத்தத்துல கொஞ்சம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமா?"

"அதனால எனக்கு எதாச்சும் நல்லது நடக்குமா?"

"உங்களுக்கு நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. ரத்தம் கொடுத்தேன்.

என் கணவரும் கூட வந்திருந்தார். கிளம்பும்போதுதான், "குழந்தை பெத்துக்கலாமா மேடம்?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். இப்போது கூடாது. தரப்போகும் மாத்திரைகளில் ஒன்று கருவைச் சிதைத்துவிடும். நோய் அடங்கட்டும், அப்புறம் மாத்திரையை மாற்றி யோசிக்கலாம். பஸ் நிலையத்தில் கணவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கியதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஆடை படிந்ததும் கீழே கொட்டினார்.

மாத்திரைகள் முகத்தை ஊதவைத்தன. கன்னம் உருண்டு, தாடைக்கடியில் சதை தொங்கியது. வயிறும் பெருத்தது. செம்மேட்டில் பழம் விற்கிற அம்மா, "எத்தன மாசமுங்க டீச்சர்?" என்று ஆசையாகக் கேட்டு ஒரு பலாச்சுளையைப் பிய்த்து நீட்டினார். வாங்கித் தின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் தன் மகளைப் பற்றிப் பேசினார்.

"எம்புள்ளைக்கும் இப்பிடித்தானுங்க கை ஓயும். மொளகு பறிக்கக் கையத் தூக்குவா, ரெண்டு கொத்துப் பறிப்பா, கையக் கீழ உட்டுருவா. 'என்னடி, அதுக்குள்ள அலுத்துப்போச்சா'ன்னு வைவேன். 'கை கனக்குதும்மா'ம்பா. கல்யாணத்துக்கு முன்னால வேல கத்துக்கோ சாமின்னு வெரட்டுவேன்."

மகளை மலையிலேயே பைல் நாடு என்ற பகுதியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கர்ப்பமானபோது பரிசோதனைக்குப் போன இடத்தில் கையில் பிரஷர் பார்ப்பார்களாம். "மெஷின்ல ரொம்பக் கம்மியாக் காட்டுது, நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்புவார்களாம். எட்டாம் மாதம் தலைவலி என்று படுத்தவளுக்கு வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸில் மலையிறங்கும்போதே, வளைவுகள் முடிவதற்குள் உயிர் போய்விட்டது. வயிற்றில் இருந்ததும் அவளோடு போனது.

"அவளுக்கும் ஒங்குளுக்கு வந்ததுதானா டீச்சர்?"

எனக்குத் தெரியாது என்றேன். டாக்டரிடம் கேட்கலாம் என்றேன். அடுத்த முறை குழு மலைக்கு வந்தபோது அக்கா தலைக்குக் குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு போய் நின்று கேட்டார். டாக்டர் பல கேள்விகள் கேட்டார். காய்ச்சல் வந்ததா, எடை குறைந்ததா, கழுத்தில் வலி இருந்ததா. சிலவற்றுக்கு அக்காவிடம் பதில் இருந்தது.

"இருக்கலாம்மா. ஆனா உறுதியாச் சொல்ல இப்ப வழியில்ல."

"இருக்கலாமுங்களா?"

"இருக்கலாம்."

அக்கா தலையாட்டினார். "அப்ப அவ சோம்பேறி இல்லீங்க" என்றார். அவர் வெளியே போய்ப் பள்ளிச் சுவரோரம் நின்று சத்தமில்லாமல் அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "அத்தன பேச்சுப் பேசிட்டனுங்களே" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அதற்கடுத்த வருடம் என் வலது கைக் குழாய்க்குள் பலூன் விட்டு விரித்தார்கள். நாடி வந்தது. மணிக்கட்டில் அது துடிப்பதை நாளெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் மூடிக்கொண்டது. அதோடு இடது கைக் குழாயும் சுருங்கத் தொடங்கியது.

"இனிமே உங்க ரெண்டு கையும் பொய் சொல்லும்" என்றார் டாக்டர். "உள்ள பிரஷர் ஏறியிருந்தாக்கூட கையில கம்மியாத்தான் காட்டும். எங்க போனாலும் கால்ல பாக்கச் சொல்லுங்க."

மாத்திரையைக் கூட்டினார்கள், பிறகு மாற்றினார்கள். அடுத்த வருடக் கடைசியில் ரத்தப் பரிசோதனைகள் நோய் அடங்கியிருப்பதாகக் காட்டின. ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லவில்லை. ஆபத்து குறைந்திருக்கிறது, இதைவிட நல்ல நேரம் வருமென்று சொல்ல முடியாது என்றார். நானும் கணவரும் பல வாரம் பேசினோம். பேசிப் பேசிக் கடைசியில் பேச்சை விட்டுவிட்டோம். வைகாசியில் நாள் தள்ளிப்போனது.

அக்காவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஊட்டுக்குள்ளயே இருங்க கண்ணு" என்றார். அதிலிருந்து அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடவே இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தொடவிடமாட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் முகம் வெளுத்துவிடும். மாதாமாதம் கீழே போய்க் காட்டிவந்தேன். ஆறாம் மாதம் வரை காலில் பார்த்த அளவு சரியாகத்தான் இருந்தது.

ஏழாம் மாதம் ஒரு மதியம், சோறு பிசைந்துகொண்டிருந்தபோது கண்ணெதிரே பூச்சிகள் பறந்தன. பின்மண்டையில் யாரோ அடிப்பதுபோல வலித்தது. அக்கா என் முகத்தைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லிக் கத்தினார். கணவர் ஆலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். அக்கா என்னோடு வண்டியில் ஏறினார்.

இறங்கும்போது வளைவுக்கு வளைவு வயிறு ஒரு பக்கமாகச் சரிந்தது. அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பாதை முடியப்போகிற இடத்தில் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மகள் உயிர் போனது அங்கேதான் என்று எனக்குப் புரிந்தது. கையை நீட்டி அவர் தலையைத் தொட்டேன்.

வலி தாங்காததால் பெரிய ஆஸ்பத்திரி வரை போகாமல் வழியில் இருந்த ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். பணியிலிருந்த நர்ஸ் இளம்பெண். இடது கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார்.

"பிரஷர் ஏறல. கம்மியாத்தான் இருக்கு. காலைல சாப்பிட்டீங்களா?"

"கால்ல பாருங்க சிஸ்டர். எனக்குக் கையில சரியாக் காட்டாது."

"கால்லயா? டாக்டர் வரட்டும், கேட்டுக்கலாம்."

எனக்கு நாக்கு குழறியது. நோயின் பெயரைச் சொல்ல முயன்றேன், வரவில்லை. அக்கா நர்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சாமி, நீயும் எம்புள்ள மாதிரிதான். அவளும் இப்பிடித்தான் கையில கம்மின்னு சொல்லிச் சொல்லிப் போயிட்டா. கால்ல ஒருக்காப் பாத்துரு கண்ணு. ஒருக்காப் பாரு. உங்கால்ல வேணா உழுகறேன்."

அவர் குனியவே, நர்ஸ் பதறி அவரைத் தூக்கி நிறுத்தினார். உள்ளே போய்ப் பெரிய பட்டை ஒன்றைத் தேடி எடுத்து வந்து என் தொடையில் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். காற்றை இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றிப் பார்த்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். அவர் செருப்புச் சத்தம்தான் எனக்கு நினைவிருக்கிறது. வலிப்பு அதற்குப் பிறகுதான் வந்ததாம். அதற்குள் ஊசி போட்டுவிட்டதால் சீக்கிரம் அடங்கிவிட்டதாம். அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள்.

பெண் குழந்தை. அழவில்லை. எனக்கு நினைவு வருவதற்குள் என் கணவரும் அக்காவும் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். முடி நிறைய இருந்தது என்று கணவர் சொன்னார்.

அக்கா வராந்தாத் தரையில் படுத்திருந்தவர் என்னைப் பார்க்க உள்ளே வந்தார். "நீ இருக்கறயே கண்ணு, எனக்கு அது போதும்" என்றார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ளைக்குத்தான் கால்ல பாருன்னு சொல்ல ஆளில்லாமப் போச்சு" என்றார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் டாக்டர் வந்தார். அவருக்கும் கண் சிவந்திருந்தது. உடம்பைப் பற்றி விசாரித்தார். போகாமல் நின்றார். கேட்க வேண்டியதைக் கேட்க அவருக்குத் தெம்பு வரவில்லை என்று தெரிந்தது.

"நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு எடுத்து வச்சிருக்காங்க. அதுல ஒரு துண்டை எங்க ஆராய்ச்சிக்கும் குடுக்க முடியுமா? இந்த நோய் அதோட குழாய்களை என்ன பண்ணுதுன்னு பாத்தவங்க ரொம்பக் குறைவு. வேண்டாம்னா சொல்லிருங்க."

என் கணவர் எழுந்துவிட்டார். "இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? ரத்தம் குடுத்தா. குழந்தை போயிருச்சு. அதையும் வெட்டிப் பாக்கணுமா?"

"மன்னிச்சிருங்க சார்" என்று டாக்டர் திரும்பினார்.

"எடுத்துக்கோங்க" என்றேன் நான்.

இன்னொரு பெண்ணுக்கு உதவட்டும் என்றெல்லாம் நினைத்து நான் சம்மதிக்கவில்லை. அத்தனை பெரிய மனசு எனக்கு அப்போது இல்லை. குழந்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளை ஒட்டியிருந்தது ஒன்றாவது மண்ணுக்குப் போகாமல் இருக்கட்டும், யாராவது ஒருவர் அதைக் கண்ணெடுக்காமல் பார்க்கட்டும் என்று இருந்தது. இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆரஞ்சு உரித்து என் கையில் கொடுத்தார்.

இனிக் கருத்தரிக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். என் கணவர் நாமக்கல் அறையைக் காலி செய்துவிட்டு மேலேயே வந்துவிட்டார். விடிகாலை பஸ்ஸில் இறங்கி இருட்டியபின் ஏறி வருகிறார். கீழே இடமாற்றம் கேட்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரில் இருக்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது ஊசியில் போடும் ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள், அதில் நானும் சேர்ந்திருக்கிறேன். நோயாளிகளில் பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு வெறும் நீர். யாருக்கு எது என்பது போடுகிற நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடிவு வர வருடங்கள் ஆகும். கணவர் வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். "ஊசிக்குப் போற அன்னிக்கு லீவு போட்டுட்டு நானும் வாரேன்" என்றார். நஞ்சுக்கொடியில் என்ன பார்த்தார்கள் என்று ஒரு முறை டாக்டரிடம் கேட்டேன். குழாய்ச் சுவர்கள் தடித்திருந்தன, ஏன் என்பது இன்னும் பிடிபடவில்லை என்றார்.

சென்ற முறை ஊசி போட்டுக்கொண்டு திரும்புகையில் பேளுக்குறிச்சியில் சந்தை கூடியிருந்தது. இறங்கினோம். நான் எதையும் தூக்கக் கூடாது என்பதால் பை கணவர் கையில் இருந்தது. தக்காளி விற்ற அம்மா எடை போட்டுக்கொண்டே, "புள்ளைங்க எத்தனைங்க?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார். "ஒரு பொண்ணுங்க. இப்ப இல்லீங்க."

அந்த அம்மா நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு தராசு முள்ளைப் பார்த்தார். தக்காளியைப் பையில் கொட்டினார். மேலே போகிற பஸ் ஹாரன் அடித்தது. வேகமாக நடந்தால் எனக்கு மூச்சு வாங்கும் என்பதால் அவர் ஓடிப்போய்ப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, நான் வருகிறவரை கண்டக்டரை நிறுத்திவைத்திருந்தார்.